சீட்டு இல்லாத சைக்கிளும் குன்னூர் மழையும்: பிரேக் அனுபவங்கள்

குன்னூரிலிருந்து

"சீட்டு எங்கப்பா? எவனாவது கழட்டிட்டுப் போயிட்டானா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் பாக்கி இல்லை. என்னுடையது 20 இஞ்ச் ட்ரயல்ஸ் சைக்கிள். உட்கார இடமே கிடையாது. பாறைக்குப் பாறை தாவுவதற்கும், பின்சக்கரத்தில் மட்டும் நின்றுகொண்டு அடுத்த தாவலுக்குக் குறி பார்ப்பதற்கும் செய்த வண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். இதுவரை விழுந்ததில் முக்கால்வாசிக்குப் பிரேக்தான் காரணம். அந்த முக்கால்வாசிக்கும் காரணம் நான்தான்.

ரோட்டில் ஓட்டும் சைக்கிளில் பிரேக் வேகத்தைக் குறைத்தால் போதும். ட்ரயல்ஸில் அது சக்கரத்தைக் கட்டிப் போட வேண்டும். பாறை விளிம்பில் பின்சக்கரம் மட்டும் நிற்கும்போது மொத்த எடையையும் ஒரு விரல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரிம் ஒரு இஞ்ச் நழுவினால் வண்டி காலுக்கடியிலிருந்து முன்னால் ஓடிவிடும், நாம் முதுகடித்து விழுவோம்.

என் வண்டியில் பின்னால் இருப்பது மகுரா எச்எஸ் 33. டிஸ்க் கிடையாது. ரிம்மையே இரண்டு பக்கமும் ஆயில் அழுத்தத்தில் கவ்வும் பிரேக். வழவழப்பான ரிம் இதற்கு உதவாது. ரிம்மின் பக்கச் சுவரை கிரைண்டிங் மெஷினால் கீறிச் சொரசொரப்பாக்கி, கெட்டியான பாலியூரித்தேன் பிரேக் கட்டை போடுவார்கள். வாங்கும்போது பழைய ஓனர் "ரிம் கிரைண்ட் பண்ணியிருக்கு" என்றார். எப்போது பண்ணியது என்று நான் கேட்கவில்லை.

போன நவம்பர், காலை ஏழு மணி. டீத்தோட்டத்து வழியில் ஒரு கருங்கல் தடுப்புச் சுவர். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். மூன்றடி உயரம்தான், வெயில் நாளில் எத்தனையோ முறை ஏறிய சுவர். அன்றைக்கு மேகம் இறங்கி எல்லாம் நசநசவென்று இருந்தது. ஏறி, பின்சக்கரத்தில் நின்று லீவரைப் பிடித்தேன். பிடித்தது. அப்புறம் வழுக்கியது. பெடல் முள் முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. ஆறு தையல். மேஸ்திரி தன் தலைத்துண்டை அவிழ்த்துக் காலில் கட்டிவிட்டார். துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வச்சுக்க தம்பி, மறுபடி தேவைப்படும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ரிம்மைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கீறல் எல்லாம் தேய்ந்துபோய், கட்டை முகத்தில் அலுமினியத் தூள் ஒட்டிப் பளபளத்தது. காய்ந்த நாளில் இது தெரியவே தெரியாது. ஈரம் பட்டால்தான் காட்டிக்கொடுக்கும்.

சக்கரத்தோடு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். "நல்ல ரிம்மை எதுக்குத் தம்பி கெடுக்கறே?" என்று பட்டறைக்காரர் மெஷினைக் கையில் கொடுக்கவே யோசித்தார். வேலை ஒன்றும் பெரிதில்லை, பொறுமைதான் வேண்டும். டயர், டியூப் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். நாலு இஞ்ச் மெஷினில் கிரைண்டிங் வீல் போட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டபடி பட்டும் படாமல் தொட வேண்டும். கட்டிங் வீல் போட்டால் ரிம் அறுந்துவிடும். ஒரே இடத்தில் ஒரு விநாடி கூடுதலாக நின்றால் பள்ளம் விழும், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் பிரேக் தட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கட்டை முகத்தை அரத்தால் நாலு தேய்ப்புத் தேய்த்து மாட்டினேன். ஆழமாகக் கீறினால் ஈரத்திலும் பிடிக்கும், ஆனால் கட்டை சீக்கிரம் தீரும். லேசாகக் கீறினால் கட்டை நாள்படும், மழையில் கைவிடும். நம் ஊருக்கு ஆழக் கீறல்தான் சரி என்பது என் கட்சி. ஆனால் ஒவ்வொரு கிரைண்டுக்கும் ரிம் சுவர் மெலிந்துகொண்டே வரும். மெலிந்த ரிம் ஒருநாள் தாவி இறங்கும்போது பிளந்துகொள்ளும். எனவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே ஒரு முட்டாள்தனமும் செய்தேன். பிரேக் புதுசாகப் பிடிக்கிற சந்தோஷத்தில் சிம்ஸ் பூங்காவிலிருந்து பெட்ஃபோர்ட் வழியாகப் பஸ் ஸ்டாண்டு வரை இறக்கத்தில் ஓட்டிக்கொண்டே போனேன், பின்பிரேக்கை அழுத்தியபடி. கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கிறீச்சல். கீழே வந்து பார்த்தால் தேங்காய்த் துருவியில் வைத்துத் தேய்த்த மாதிரி கட்டை துருவலாக உதிர்ந்திருக்கிறது, மிச்சம் இருந்த முகம் சூட்டில் உருகிப் பளபளவென்று. இறுக்கிப் பிடித்து விடுவதற்குச் செய்த கட்டையை இறக்கம் முழுக்க உரசவிட்டால் வேறென்ன ஆகும்? மேட்டுப்பாளையம் மலை ரயிலில் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு வருவார், இறக்கம் என்றால் அவ்வளவு வேலை. என்னிடம் இருந்தது ஒரு விரல். இப்போதெல்லாம் இறக்கத்தில் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். சீட்டு இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் கேள்வி இன்னும் அதிகமாக வருகிறது என்பது வேறு விஷயம்.


கொடைக்கானலிலிருந்து

கிரைண்டிங் மெஷினுக்குப் பயந்து நான் தார் வழிக்குப் போனவன். வழவழப்பான ரிம்மில் தாரை லேசாகத் தேய்த்தால் பிரேக் கப்பென்று பிடிக்கும் என்று பழைய ட்ரயல்ஸ்காரர்கள் சொல்வார்கள். பெருமாள்மலைப் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அண்ணனிடம் கேட்டேன், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி கொடுத்தார். எதற்கு என்று கேட்டு, நான் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

உண்மையாகவே பிடித்தது. காய்ந்த நாளில் ரிம்மும் கட்டையும் பசை போட்ட மாதிரி. சத்தம்தான் தாங்க முடியாது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பழகிக்கொண்டிருந்தேன், பிரேக் ஊளையிட்டதும் முப்பதடி தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த காட்டு மாடு தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. அதுவரை அங்கே அது நிற்பதே எனக்குத் தெரியாது. வண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து, இருட்டின பிறகு டார்ச் அடித்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

மழை பெய்தால் தாரும் இல்லை ஒன்றும் இல்லை, முன்னைவிட மோசமாக வழுக்கியது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன், அந்தப் பிசுக்கு கட்டையில் ஏறி அதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நம் மலைக்குத் தார் வேண்டாம்.


கோத்தகிரியிலிருந்து

என் வண்டியில் முன்னால் டிஸ்க், மினரல் ஆயில் வகை. லீவர் தொளதொளவென்று இருக்கிறதே என்று ஒரு பட்டறையில் விட்டேன். "பிரேக் ஆயில்தானே, மாத்திடலாம்" என்று பைக்குக்குப் போடும் டாட் 4 ஆயிலை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் பிரமாதம். ஒரு வாரத்தில் பிடித்த லீவர் திரும்பி வரவில்லை. உள்ளே ரப்பர் சீல் எல்லாம் உப்பிப்போயிருந்தது. லீவர், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் இரண்டும் போச்சு. டாட் ஆயிலுக்குச் செய்த பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்றினாலும் இதே கதிதான். எந்த ஆயில் என்று லீவர் மூடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். நான் அதைப் படிக்கவில்லை, அவர்களும் படிக்கவில்லை.

டாட் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்த ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். எங்கள் ஊரில் துணியே மூன்று நாள் காயாது. திறந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.


ஊட்டியிலிருந்து

இது பிரேக் கதை இல்லை, ஃப்ரீவீல் கதை. முன்னால் மிதித்தால் பிடித்துக்கொண்டு, பின்னால் சுற்றினால் கிளிக் கிளிக்கென்று சும்மா சுற்றுகிற பாகம்தான் ஃப்ரீவீல். ட்ரயல்ஸ் வண்டியில் ஃப்ரீவீல் முன்னால் பெடல் பக்கம் இருக்கும். ஒரு சுற்றுக்கு 72 கிளிக் உள்ளதில் 5 டிகிரி திருப்பினாலே பிடித்துவிடும். 18 கிளிக் என்றால் 20 டிகிரி சும்மா சுற்றும், தாவும்போது அது பெரிய இடைவெளி. நான் நல்லது செய்கிறேன் என்று அதில் கெட்டி கிரீஸை அப்பினேன். ஜனவரி உறைபனிக் காலையில் கிரீஸ் இறுகி உள்ளே இருக்கும் நாக்குகள் எழும்பவில்லை. முழு பலத்தோடு மிதித்தேன், பெடல் காலியாகச் சுற்றியது. ஹேண்டில்பாரில் முகவாய். மெல்லிய ஆயில் நாலு சொட்டு போதும்.


வத்தலக்குண்டிலிருந்து

ஸ்காட்லாந்துக்காரர் டேனி மெக்காஸ்கில் ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து ஆசை. சீட்டு உள்ள 24 இஞ்ச் வாங்கலாம் என்றிருக்கிறேன். டிஸ்க்கா, ரிம் பிரேக்கா? ஞாயிற்றுக்கிழமைகளில் கொடைக்கானல் போய் ஓட்டுவேன். அப்புறம், சிரிஞ்சி வைத்து ஆயில் மாற்றுவது வீட்டில் செய்கிற வேலையா?


மறுபடி குன்னூரிலிருந்து

டிஸ்க் வாங்குங்க, இரண்டு பக்கமும். சுத்தமான பிடி என்று பார்த்தால் பின்னால் ரிம் பிரேக்தான் ஒரு படி மேலே. 160 மில்லி மீட்டர் டிஸ்க்கின் ஆரம் 8 சென்டி மீட்டர், ரிம்மின் ஆரம் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், அவ்வளவு தள்ளிப் பிடித்தால் சக்கரம் அசையாது. ஆனால் அதற்கு ரிம் கீற வேண்டும், கட்டையை அரம் போட வேண்டும், கிறீச்சலைச் சகிக்க வேண்டும். ஞாயிறு மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்தப் பாடு எதற்கு? டிஸ்க்கில் பேட், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் கட்டை, அதை மட்டும் பார்த்து வாங்குங்க. மெட்டல் பேட் சேற்றில் நாள்படும், ஆனால் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். நாம் சூடேறுகிற மாதிரி ஓட்டுவதே இல்லை. ரெசின் பேட் சில்லென்று இருக்கும்போதே கவ்வும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க் மேல் பழைய துணியைப் போட்டு மூடுங்க. ஒரு துளி பட்டாலும் பேட் குப்பைக்குத்தான். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது வண்டியைப் பஸ்ஸிலேயே ஏற்றிவிடுங்க.

சிரிஞ்சி வேலை வீட்டிலேயே ஆகும். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாமல் இரண்டு பெரிய சிரிஞ்சி கேட்டேன், கடைக்காரர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு "யாருக்கு?" என்றார். சைக்கிளுக்கு என்றதும் நம்பவே இல்லை. எச்எஸ் 33-ல் லீவரில் இருக்கும், பிரேக் கட்டையை அட்ஜஸ்ட் பண்ணும் திருகை முதலில் முழுசாக வெளியே சுற்றிவிட வேண்டும். அதை மறந்தால் ஆயில் குறைவாக நிற்கும், நாள் முழுக்க உழைத்தும் லீவர் தொளதொளதான். கீழே சக்கரப் பக்கச் சிலிண்டரிலிருந்து மேலே லீவரை நோக்கித் தள்ளணும், ஹோஸை விரலால் தட்டிக்கொண்டே. உள்ளே மாட்டிய காற்றுக் குமிழி ஒவ்வொன்றாக ஏறி வருவது மேல் சிரிஞ்சியில் தெரியும். கடைசிக் குமிழி வந்துவிட்டது என்று நினைத்த பிறகு இன்னொன்று வரும்.

நான் ஆயிலை எடுத்துவிட்டுத் தண்ணீரும் கார் கூலன்ட்டும் கலந்து ஊற்றியிருக்கிறேன். கம்பெனி இதை ஒப்புக்கொள்ளாது, ஆனால் ரிம் பிரேக்கில் திரவம் சூடாவதில்லை, லீவர் பூ மாதிரி போகிறது. டிஸ்க்கில் இந்த வேலை வேண்டாம். கூலன்ட் எதற்கு என்றால், ஊட்டிக்காரர் சொன்ன அதே உறைபனிக்குத்தான். வெறும் தண்ணீர் ஹோஸுக்குள் உறைந்துவிடும்.

சனிக்கிழமை அடுத்த கிரைண்ட். பட்டறைக்காரர் இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே மெஷினில் வீலை மாட்டி வைத்துவிடுகிறார். "வா, கெடுத்துட்டுப் போ" என்கிறார்.