1969 உட்ஸ்டாக் விளம்பரம்: எந்த நாளிதழ், எந்தத் தேதி?

பழைய ராக் கச்சேரி விளம்பரங்களை நாளிதழ்களிலிருந்து சேர்த்து வருகிறேன். மூன்று வாரம் முன்பு உட்ஸ்டாக் இசை விழாவின் விளம்பரம் ஒன்று கைக்கு வந்தது, ஆனால் பெயரும் தேதியும் இருந்த மேல் ஓரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். விழா நடக்கும் இடம் வால்கில் (நியூயார்க் மாநிலத்து ஊர்) என்று இருக்கிறது. 1969 ஜூலை நடுவில் அந்த ஊர் அனுமதி மறுத்து விழா பெத்தேலுக்கு மாறியதால், அதற்கு முன்பே அச்சாகியிருக்க வேண்டும். புற ஊதா விளக்கில் தாள் ஒளிரவில்லை, அதனால் பிற்கால மறுஅச்சாக இருக்காது என்று நினைக்கிறேன். ஓரங்கள் பழுப்பேறி, தொட்டாலே உதிர்கின்றன, அமிலமற்ற உறையில் போட்டுவிட்டேன். டிஜிட்டல் காப்பகங்களில் தேடினேன், அப்புறம் எழுத்துருவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. பின்பக்கத்தில் பாதி அறுந்த காலணி விளம்பரமும் மூன்று வரி பேஸ்பால் ஸ்கோரும் மட்டும்தான். அந்த மூன்று வரியை வைத்து நாளிதழையும் தேதியையும் எப்படிக் கண்டுபிடிப்பது?