பேணுபகுதி: பழந்தெருக்களைக் காக்கும் திட்ட விதிகளுக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

தனிக் கட்டடத்தை அன்றி ஒரு தெரு அல்லது ஊர்ப்பகுதியின் ஒட்டுமொத்தத் தோற்றத்தைக் காக்கப் பிரிட்டனில் அறிவிக்கப்படும் இடம் ‘கன்சர்வேஷன் ஏரியா’. அதற்குத் தமிழ்ச் சொல்லாக ஐயா நம் குழுவில் முன்வைத்த ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ எனக்கு நிறைவளிக்கவில்லை. வனத்துறை வழக்கில் அத்தொடர் தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் குறிக்கிறது. தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ‘பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்’ என்றால் காவிரிப் படுகையே நினைவுக்கு வருகிறது. இவற்றைவிடப் பெரிய குறை, ‘பாதுகாக்கப்பட்ட’ என்னும் எச்சம், காரியம் முடிந்துவிட்டது, இனி எவரும் கைவைக்கலாகாது என்ற எண்ணத்தைத் தருவதாகும்.

மூலச் சட்டத்தின் நோக்கம் அதுவன்று. பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் டங்கன் சாண்டிஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, 1967இல் அங்கே நிறைவேறிய சட்டமே இக்கருத்துக்கு வித்திட்டது; அதே ஆண்டில் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டு நகரம் அவ்வகையில் முதலாவதாக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் இன்று நடப்பிலுள்ள 1990ஆம் ஆண்டுச் சட்டமோ, கட்டடக்கலையாலோ வரலாற்றாலோ தனிச்சிறப்புற்று, தன் இயல்பையோ தோற்றத்தையோ பேணவோ மேம்படுத்தவோ தக்கதாக விளங்கும் இடம் என்றே வரையறுக்கிறது. ஆகவே அங்கே புதுக் கட்டடமும் எழலாம். பழைய கட்டடத்தை இடிக்கப் பொதுவாகத் திட்ட அனுமதி வேண்டும். சற்றே பருத்த மரத்தை வெட்ட ஆறு வாரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். மர ஜன்னலைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பதைத் தடுக்க நினைக்கும் உள்ளாட்சி, அதற்கென்று தனி ஆணை பிறப்பிக்க வேண்டும். சிறப்புக் கட்டடங்களுக்கான அரசுப் பட்டியலில் அக்கட்டடம் தனியாகச் சேர்க்கப்படாதவரை வீட்டின் உட்புறம் உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்படுகிறது. சின்னத்தைச் சுற்றிப் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கும் நம் நினைவுச்சின்னச் சட்டத்தின் 100 மீட்டர்த் தடை வளையம் வேறு வகையானது. அதன் நடுவில் ஒரு சின்னம் இருக்கும். இங்கே நடு என்று எதுவும் இல்லை, தெருவே காக்கப்படும் பொருள்.

புதுச்சேரி வைசியாள் வீதியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தெருவை ஒட்டிய தாழ்வாரமும், அதன் மரத்தூண்களும், உள்ளே திண்ணையும் வீட்டுக்கு வீடு தொடர்வதில்தான் அவ்வீதியின் அழகு இருக்கிறது. அதன் புதுப்பிப்புக்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஒருவர் தம் திண்ணையை இடித்துக் கார் நிறுத்த வழி செய்தால், சட்டப்படி எந்தச் சின்னமும் அழிந்திராது. ஆனால் வரிசை அறுந்துவிடும்.

ஆகவே ‘பேணுபகுதி’ என்பதை முன்மொழிகிறேன். கல்வெட்டைப் பாதுகாக்கிறோம், பெற்றோரைப் பேணுகிறோம். வாழ்ந்துகொண்டும் மாறிக்கொண்டும் இருப்பதற்கு உரிய வினை பேணுதலே. வினைத்தொகையாதலால் முக்காலத்துக்கும் பொருந்தும், வல்லினமும் மிகாது. பேணுபகுதி அறிவிப்பு, பேணுபகுதி விதிகள், பேணுபகுதி எல்லை என்று கூட்டுச்சொற்களும் இடறின்றி அமைகின்றன. நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘மரபுப் பேணகம்’ செவிக்கு இனிதாயினும், ‘அகம்’ என்று முடிவதால் அருங்காட்சியகம் போன்ற ஒற்றைக் கட்டடத்தையே நினைவூட்டுகிறது.

ஓர் இடறல் மட்டும் உண்டு. மேம்படுத்தாவிட்டாலும் ஊறு நேராமல் விடுவதே போதும் என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1992இல் தீர்ப்பளித்தது; ‘பேணு’வோ அதைவிடச் சற்றே கூடுதலான அக்கறையைக் கோரும் சொல். அந்தக் கூடுதலை நான் குறையாகக் கருதவில்லை, சட்ட மொழிபெயர்ப்பாளர்கள் மறுக்கக்கூடும். 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலுள்ள ‘கேரக்டர்’ என்பதற்கு மேலே ‘இயல்பு’ என்று எழுதியிருக்கிறேன். ‘தன்மை’ பொருந்தும் என்போர் எடுத்துக்காட்டுடன் எழுத வேண்டுகிறேன்.