அப்டேட்: இதய ரத்தக்குழாய் பெட் ஸ்கேன் மங்கலா வர்ற விஷயம்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, சோடியம் ஃப்ளூரைடு (கால்சியம் படியிற இடத்துல ஒட்டிக்கிற கதிரியக்க மருந்து) ஊசி போட்டு, உள்ளிருந்து வர்ற கதிரை வச்சுப் படம் எடுக்கிற பெட் ஸ்கேன்ல கொரோனரி குழாய் (இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கிற குழாய்) கலங்கலா தெரியுது, டோஸ் கூட்டணுமான்னு. டோஸ் இல்லங்க, அசைவுதான் வில்லன். குழாயோட அகலமே மூணு நாலு மில்லிமீட்டர், ஸ்கேனர் பிரிச்சுக் காட்டறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், இதுல இதயம் துடிக்குது, மூச்சு விட்டா மேல கீழ போகுது, படுத்திருக்கிறவரும் லேசா நெளியறார், அப்புறம் எங்க தெளிவா வரும். ஈசிஜி கேட்டிங் (ஈசிஜியைப் பார்த்து ஒவ்வொரு துடிப்பையும் நாலு கட்டமா, அதாவது நாலு 'கேட்'டா பிரிக்கிறது) போட்டு டயஸ்டோல் (இதயம் தளர்ந்திருக்கிற நேரம்) கால்பங்கை மட்டும் எடுத்தா அசைவு குறையுது, ஆனா முக்கால்வாசி கவுன்ட் (பதிவான கதிர் எண்ணிக்கை) வீண், படம் பூரா மணல் தூவின மாதிரி நாய்ஸ். அதனால இப்ப எல்லா கேட்டையும் டயஸ்டோல் ஃப்ரேமுக்கு நேரா இழுத்துப் பொருத்தி மொத்தமா கூட்டறேன், சின்ன கால்சியம் புள்ளி கூட இப்ப நல்லா எடுப்பா தெரியுது.

சோடியம் ஃப்ளூரைடுக்குப் பதிலா எஃப்டிஜி (குளுக்கோஸ் மாதிரியான கதிரியக்க மருந்து) போடலாமேன்னு ஒருத்தர் கேட்டார். இதயத் தசையே குளுக்கோஸை இழுத்து பளபளன்னு எரியும், பக்கத்துல குழாய் எங்க தெரியப்போகுது!

ஊசி போட்டு ஒரு மணி நேரத்துல எடுக்காம கொஞ்சம் தள்ளி எடுத்தா ரத்தத்துல இருக்கிற பின்னணி குறையும்தான், ஆனா ஊசியில கதிர் விடற ஃப்ளூரின்-18க்கு அரை ஆயுள் (கதிர் பாதியா குறையற நேரம்) சுமார் 110 நிமிஷம், ரொம்ப இழுத்தா கவுன்ட்டே மிஞ்சாது. லிஸ்ட்மோட் டேட்டாவை (ஒவ்வொரு கதிரும் வந்த நேரத்தோட பதிஞ்ச மூலப் பதிவு) மட்டும் அழிச்சிடாதீங்க, அது இருந்தா ஆளைத் திரும்பக் கூப்பிடாமலே படத்தை மறுபடி ரீகன்ஸ்ட்ரக்ட் பண்ணிக்கலாம் (புதுசா உருவாக்கிக்கலாம்).