வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பிளிஃபயருக்கு மின்மாற்றி சுற்றித் தருவோர் குறைந்துவருவது உண்மையிலேயே இழப்புதானா?

மும்முனையம்:
பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் புஷ்-புல் (இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும்) ஆம்பிளிஃபயரில், வலப்பக்க வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுற்று, அதாவது வால்வோடு இணையும் சுற்று, அண்மையில் அறுந்துபோனது. அதைச் சுற்றித் தந்தவர் தனியாளாகப் பட்டறை நடத்தியவர். அவர் தொழிலை விட்டு வெகுகாலம் ஆகிறது, அவருடைய குறிப்பேடு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே, நல்ல நிலையில் இருக்கும் இடப்பக்க மின்மாற்றியை மாதிரியாகக் கொடுத்து, சுற்று விகிதமும் மின்தடையும் ஒத்திருக்கும்படி வேறொரு பட்டறையில் ஒன்று செய்து வாங்கினேன். 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைச் செலுத்திப் பார்த்தபோது, இடப்பக்கத்தில் அலையின் விளிம்பில் சிறு மேடு ஒன்று மட்டும் தெரிய, வலப்பக்கத்தில் அலையின் தலைப்பகுதி முழுவதும் நடுங்கியது. எதிர்ப் பின்னூட்டத்தை (வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்குத் திருப்புவதை) முழு அளவில் இணைத்ததும் அந்தப் பக்கம் தானாகவே ஆசிலேட் ஆகத் தொடங்கிவிட்டது.

வேறு வழியின்றிப் பழுதானதைப் பிரித்தேன். வார்னிஷில் இறுகிக் கிடந்த, உள்ளகத்தின் ஸ்டாம்பிங் இரும்புத் தகடுகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கவே ஒரு நாள் பிடித்தது. கம்பியை உரித்துக்கொண்டே போனால், அடுக்குகளுக்கு இடையிலிருந்த பழுப்புத் தாளில் பென்சிலால் 1, 2, 3 என்று எண் போட்டு, சில இடங்களில் சிறிய அம்புக்குறியும் வரையப்பட்டிருந்தது. ஸ்பீக்கரோடு இணையும் துணைச் சுற்று நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முதன்மைச் சுற்றின் பகுதிகளுக்கு இடையிடையே செருகப்பட்டிருந்தது. நகல் எடுத்தவரிடம் கேட்டபோது, தாம் அதை ஒரே பகுதியாகவே சுற்றியதாகச் சொன்னார். விகிதமும் தடையும் ஒன்றாக இருந்தும் இரண்டும் வெவ்வேறு பொருளானது இதனால்தான். இப்படிப்பட்ட பட்டறைகள் மூடப்படும்போது நமக்கு இல்லாமல் போவது இரும்பும் செம்பும் அல்ல, இந்தப் பென்சில் குறிகள்தான் என்று நான் கருதுகிறேன்.

அளவுகோல்:
உங்கள் சிக்கல் புரிகிறது, ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 1917-இல் தொடங்கிய கனடாவின் ஹாம்மண்ட், 1941-இல் தொடங்கிய பிரிட்டனின் சவுட்டர், 1958-இல் தொடங்கிய சுவீடனின் லுண்டால் போன்றவை நம் காலத்திலும் வால்வுக்கான மின்மாற்றிகளைச் செய்துவருகின்றன; என்ன மின்மறுப்புக்கு (இம்பிடன்ஸ்), எத்தனை வாட்டுக்கு, எவ்வளவு நேர்மின்னோட்டத்துக்கு என்று தகவல் தாளும் தருகின்றன. நீங்கள் புகழும் தனியாள் பட்டறைகளில் எத்தனை பேர் கசிவு இண்டக்டன்ஸை (இரு சுற்றுகளும் காந்தத்தால் முழுதாகப் பிணையாததால் எழுவது; பகுதிகளாகப் பிரித்துச் செருகினால் குறையும்) அளந்து எழுதித் தந்தார்கள்? என்னிடம் அத்தகைய பட்டறைகளில் செய்த மூன்று ஜோடிகள் உள்ளன, ஒன்றுக்குக்கூடத் தாள் கிடையாது. அவற்றில் ஒரு ஜோடியின் இரு மின்மாற்றிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. எழுதி வைக்காமல் போனவரின் குறையைக் காலத்தின் மேல் சுமத்தக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டவடிவ உள்ளகத்தில் சுற்றிய மின்மாற்றிகள் வந்தபின், குறைந்த கசிவும் அகன்ற அலைவரிசையும் எளிதாகக் கிடைக்கின்றன. கைவேலையின் நுணுக்கத்தை நம்பியிருந்த நிலை மாறியிருப்பதை முன்னேற்றம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மும்முனையம்:
வட்டவடிவ உள்ளகத்தில் வழக்கமாகக் காற்று இடைவெளி இருக்காது. புஷ்-புல்லில் இரு வால்வுகளின் மின்னோட்டமும் சற்றே வேறுபட்டாலே அந்த உள்ளகம் காந்த நிறைவுநிலையை நோக்கி நகர்ந்துவிடும். 1938-இல் வந்த 300பி வால்வைத் தனியாக வைத்து ஒற்றைமுனை ஆம்பிளிஃபயர் கட்டுபவருக்கு, 60 முதல் 80 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் முதன்மைச் சுற்றின் வழியாக எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் காற்று இடைவெளி வேண்டும், இடைவெளி வைத்தால் இண்டக்டன்ஸ் குறையும், அதை ஈடுகட்ட இரும்பும் சுற்றும் கூட வேண்டும், சுற்றைக் கூட்டினால் கசிவும் கொள்திறனும் ஏறி மேல்பக்க அலைவரிசை சுருங்கும். இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்று முடிவு செய்வதுதான் அந்தக் கைவேலை. மேலும், அட்டவணைப் பொருள் அட்டவணையில் உள்ளபடிதான் வரும். ஹாஃப்லரும் கெரோஸும் 1951-இல் பரப்பிய அல்ட்ரா-லீனியர் முறையில் (வால்வின் திரைவலையை முதன்மைச் சுற்றின் இடையிலுள்ள இணைப்புமுனையோடு சேர்ப்பது) 43 விழுக்காட்டு இணைப்புமுனை கேட்கும் ஆம்பிளிஃபயருக்கு, ஹாம்மண்டின் 1650 வரிசையில் 40 விழுக்காடுதான் கிடைக்கும். அது கேட்கும்படி இருக்காது என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறும் இடம் இல்லாமல் போகிறது என்கிறேன்.

அளவுகோல்:
ஒற்றைமுனைக்கு வட்டவடிவம் ஏற்றதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் 40-க்கும் 43-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒரு தொழிலின் முடிவைப் பற்றிப் பேசுவது மிகை.

செம்புக்கம்பி:
நீண்ட காலம் இந்த வேலையைச் செய்து, இப்போது தனி ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். நீங்கள் இருவரும் திறமையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களை நிறுத்தியது திறமைக் குறைவு அல்ல.

ஒரு வாடிக்கையாளர் ஒரே ஒரு ஜோடி கேட்பார். அவருடைய வால்வு, மின்னழுத்தம், ஸ்பீக்கர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக் கணக்கிட வேண்டும்; 3500 ஓமிலிருந்து 8 ஓமுக்கு இறக்க வேண்டுமானால் சுற்று விகிதம் ஏறத்தாழ 21 என்பது ஒரு நிமிடக் கணக்கு, ஆனால் அதை எத்தனை பகுதியாகப் பிரித்தால் பாபினின் (கம்பி சுற்றும் கூட்டின்) உயரத்துக்குள் தாளோடு சேர்ந்து அடங்கும் என்பது ஒரு மாலைப்பொழுதை விழுங்கும். மெல்லிய கம்பியை அடுக்குக்கு ஒரு தாள் வைத்துச் சுற்றினால், பாதி வழியில் கம்பி அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் நடுவில் சாலிடர் வைத்த முடிச்சு அந்த அடுக்கையே மேடாக்கி, மேலுள்ள எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பின் வெற்றிடத்தில் வார்னிஷ் ஏற்றி, உலர்த்தி, சோதித்து அனுப்பினால், ஐந்து கிலோ இரும்பை அனுப்பும் செலவே சிலரைத் திரும்பிப் போகச் செய்துவிடும். இந்த உழைப்புக்கு உரிய விலையைச் சொன்னால் கேட்பவர் அதிர்ந்து போகிறார், சொல்லாவிட்டால் நாங்கள் நட்டப்படுகிறோம்.

ஸ்டாம்பிங் கிடைப்பது இன்னும் பெரிய தலைவலி. முன்பு ஒவ்வொரு ரேடியோவிலும், ஒவ்வொரு மின்கருவியிலும் இரும்பு மின்மாற்றி இருந்தது; அந்தப் பெருந்தேவையின் ஓரத்தில் ஒதுங்கித்தான் நாங்கள் பிழைத்தோம். சுவிட்ச்-மோட் பவர் சப்ளை வந்து அந்தத் தேவையைத் தின்றுவிட்டது. நல்ல தரமான, உலோக மணிகள் ஒரே திசையில் ஒழுங்கு செய்யப்பட்ட சிலிக்கன் எஃகில் நமக்கு வேண்டிய அளவுத் தகடு கேட்டால், மொத்தமாக எடுத்தால்தான் வெட்டித் தருவோம் என்கிறார்கள். நான் கடைசியாக வாங்கிய தகட்டில் பாதி இன்னும் பட்டறையில் எண்ணெய்த் தாளுக்குள் இருக்கிறது.

குறிப்பேட்டைப் பற்றி நண்பர் மும்முனையம் எழுதியது மனத்தைத் தைத்தது. அந்த அம்புக்குறி சுற்றும் திசை மாறும் இடத்தைக் காட்டுவது. நானும் அப்படித்தான் போடுவேன். வெளியே காட்டினால் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சியே நாங்கள் குறிப்புகளை மூடி வைத்தோம்.

அளவுகோல்:
அந்த அச்சம் தேவையற்றது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு, ஐயா. 1947-இல் பொறியாளர் வில்லியம்சன் தம் ஆம்பிளிஃபயரைப் பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்டபோது, வெளியீட்டு மின்மாற்றியின் சுற்றுவிவரம் முழுவதையும் சேர்த்தே அச்சிட்டார். இரண்டு பாபின்கள், ஒவ்வொன்றிலும் 440 சுற்று கொண்ட முதன்மைப் பகுதிகள் ஐந்து, அவற்றிடையே 84 சுற்று கொண்ட துணைப் பகுதிகள் நான்கு. முதன்மை இண்டக்டன்ஸ் 100 ஹென்றிக்குக் குறையக் கூடாது, கசிவு 30 மில்லிஹென்றிக்கு மிகக் கூடாது. 20 டெசிபெல் பின்னூட்டத்தை மின்மாற்றியையும் உள்ளடக்கிக் கொடுக்க வேண்டியிருந்ததால்தான் இவ்வளவு கண்டிப்பு. விவரத்தை வெளியிட்டதால் எந்தப் பட்டறையும் மூடப்படவில்லை. மாறாக, பார்ட்ரிட்ஜ் உட்படப் பலர் அந்த ஆம்பிளிஃபயருக்கென்றே மின்மாற்றி செய்து விற்றார்கள்.

மும்முனையம்:
இதைத்தான் நானும் சொல்ல முயன்றேன், நீங்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். பட்டறை மூடப்படுவதை நம்மால் தடுக்க முடியாது. செம்புக்கம்பி ஐயா சொன்ன கணக்கைப் பார்த்தபின் அதைக் குற்றமாகச் சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் மூடும் முன் குறிப்பேட்டை வெளியிடச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்காமல் விட்டது நம் தவறு. ஐயா, நீங்கள் இனிமேல் செய்யப்போவதில்லை என்று முடிவு செய்த ஒரு வடிவத்தையாவது பகிர முடியுமா?

செம்புக்கம்பி:
இஎல்34 வால்வு ஜோடிக்காக நான் அதிகம் சுற்றியது ஒன்று உண்டு, அதன் தாளைப் படியெடுத்துப் போடுகிறேன். கையெழுத்து புரியாத இடங்களைக் கேளுங்கள்.

அளவுகோல்:
அதோடு, சுற்று முடிந்த ஒரு துண்டு உங்களிடம் இருந்தால், துணைச் சுற்றைக் குறுக்கிணைத்து முதன்மையில் அளந்த கசிவு இண்டக்டன்ஸையும், பின்னூட்டம் இல்லாமல் எடுத்த 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலைப் படத்தையும் சேர்த்துத் தாருங்கள். சுற்றிப் பார்ப்பவர் தாம் செய்தது சரிதானா என்று அறிய அவை வேண்டும்.

புதுச்சுற்று:
நான் இதுவரை பவர் மின்மாற்றி மட்டுமே சுற்றியிருக்கிறேன். அடுக்குகளுக்கு இடையே தாளுக்குப் பதில் மைலார் (பாலியெஸ்டர் படலம்) வைத்தால் இடம் மிச்சமாகுமே, கூடாதா?

செம்புக்கம்பி:
இடம் மிச்சமாகும், தம்பி, ஆனால் மைலார் வழுக்கும். ஓரச் சுற்றுகள் கீழ் அடுக்குக்குள் இறங்கிவிடும், அங்கே மின்னழுத்த வேறுபாடு அதிகம். தாள் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், வார்னிஷையும் உறிஞ்சும். முதன்மைக்கும் துணைக்கும் நடுவே மட்டும் மைலார் வையுங்கள். மற்ற இடங்களில், ஒவ்வோர் ஓரத்திலும் மூன்று மில்லிமீட்டர் விட்டு, தாளையே போடுங்கள்.