லீஸுக்கு இருக்கும் வீட்டில் பேங்க் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், இலவச வக்கீல் கிடைப்பாரா?

பெரம்பூர்_பையன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் பக்கம் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் நாலு லட்சம் கொடுத்து லீஸுக்கு இருக்கிறோம். அப்பா போன பிறகு வந்த பி.எஃப். பணமும் அம்மாவின் நகையும் சேர்ந்ததுதான் அந்த நாலு லட்சம். அக்ரிமெண்ட் அம்மா பெயரில் 20 ரூபாய் பத்திரத்தில் இருக்கிறது, ரிஜிஸ்டர் ஆகவில்லை. "எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க" என்று புரோக்கர் சொல்லிவிட்டார். போன வாரம் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஓனர் பெயர், அவர் பாக்கி வைத்த தொகை, சொத்தை பேங்க் சுவாதீனம் எடுத்துவிட்டது என்று ஒரு வரி. ஓனர் போனை எடுப்பதில்லை. போலீஸோடு வந்து சாமானை வெளியே வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று கீழ் வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை.

தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஸ்டே வாங்க அவர் கேட்கும் முன்பணம் அம்மாவின் இரண்டு மாத சம்பளத்துக்கு மேல். அம்மா தையல் யூனிட்டில் வேலை, நான் டெலிவரி ஓட்டுகிறேன். இலவச சட்ட உதவி என்று கோர்ட் வாசலில் போர்டு பார்த்திருக்கிறேன். அது ஜெயிலில் இருப்பவர்களுக்கு மட்டுமா, இல்லை எங்களைப் போல வீட்டுப் பிரச்சினைக்கும் வருமா? வீட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பழைய_குமாஸ்தா:

தம்பி, முதலில் அந்த நோட்டீஸைக் கிழிக்காமல் தெளிவாகப் போட்டோ எடுத்து வை. அதில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று, கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை பேங்க் எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் ஓனருக்கு 60 நாள் கெடு கொடுத்துக் கடனைக் கட்டச் சொன்ன தேதி. இன்னொன்று, சுவாதீனம் எடுத்ததாகச் சொல்லும் தேதி. இந்த இரண்டாவது தேதியிலிருந்து 45 நாளுக்குள் டிஆர்டி என்று சொல்லும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17-ஆம் பிரிவில் மனுப் போடவேண்டும். 2016-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு குடியிருப்பவரின் உரிமையையும் அந்தத் தீர்ப்பாயமே விசாரிக்கிறது. அந்த 45 நாள் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் ஓனர் போனை எடுப்பாரா என்று காத்திருக்காதே.

இப்போது ஒட்டிவிட்டுப் போனது காகிதத்தில் எடுத்த சுவாதீனம்தான். ஆளை வெளியேற்றிப் பூட்ட, வழக்கமாக 14-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்குவார்கள். சென்னை என்றால் எழும்பூர். அப்புறம் அட்வகேட் கமிஷனர், அதாவது மாஜிஸ்திரேட் நியமிக்கும் வக்கீல் ஒருவர், போலீஸ் துணையோடு வருவார். நாளைக் காலையிலேயே கதவைத் தட்டமாட்டார்கள், அம்மாவிடம் சொல்.

இலவச வக்கீல் கட்டாயம் கிடைப்பார். 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12-வது பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லாம் தனித்தனி வகை. வருமான உச்சவரம்பு என்பது இதில் எதிலும் வராதவர்களுக்குத்தான். அதனால் மனுவை அம்மா பெயரில் போடு. பெண் என்ற ஒரு காரணமே போதும், வருமானச் சான்றிதழுக்கு நீ தாசில்தார் ஆபீஸில் நிற்கவேண்டாம். அக்ரிமெண்டும் அவர் பெயரில்தானே இருக்கிறது. சிவில், கிரிமினல் என்ற பாகுபாடும் இல்லை. அந்தச் சட்டத்தில் கோர்ட் என்ற சொல்லுக்குள் தீர்ப்பாயமும் அடங்கும், ஆகவே டிஆர்டிக்கும் வக்கீல் தரவேண்டும். வக்கீல் பீஸ் மட்டுமல்ல, கோர்ட் பீஸ், டைப்பிங் செலவு, நகல் வாங்கும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போய் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் எங்கே என்று கேள். 15100 என்ற இலவச எண்ணுக்கும் கூப்பிடலாம், ஆனால் கெடு ஓடும் விஷயத்துக்கு நேரில் போவதுதான் நல்லது.

இனி கசப்பான பகுதி. வீட்டிலேயே தொடர்ந்து இருக்கமுடியுமா என்பது மூன்று தேதிகளைப் பொறுத்தது. ஓனர் வீட்டை அடமானம் வைத்தது எப்போது, 13(2) நோட்டீஸ் போனது எப்போது, நீங்கள் லீஸ் போட்டது எப்போது. முறையான குத்தகை அடமானத்துக்கு முந்தியதாக இருந்தால் உங்கள் கை ஓங்கும். அடமானத்துக்குப் பிறகு என்றால் பலவீனம். 13(2)-க்குப் பிறகு என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்த நோட்டீஸ் வந்த பிறகு பேங்கைக் கேட்காமல் ஓனர் யாருக்கும் வீட்டை விடக்கூடாது. இதோடு 2019-ல் பஜ்ரங் ஷ்யாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொல்லிவிட்டது. ரிஜிஸ்டர் ஆகாத பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் குடியிருக்கும் உரிமை கேட்கமுடியாது. உன் 20 ரூபாய் பத்திரம் அடிவாங்கும் இடம் இதுதான். ரெஜிஸ்டர் ஆபீஸ் இணையதளத்தில் இ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார், அடமானத்தைப் பதிவு செய்திருந்தால் தேதியோடு வந்துவிடும்.

எரிச்சலில்_ஒருவன்:

இலவச வக்கீலை நம்பி கெடுவைக் கோட்டைவிடாதீர்கள் ப்ரோ. எங்கள் சித்தப்பாவுக்கு ஒருவரைப் போட்டார்கள், வாய்தாவுக்கு வாய்தா ஜூனியர்தான் வந்தார், கடைசியில் "எழுத்துச் செலவு" என்று கையில் காசு வேறு கேட்டார். ஓசியில் கிடைப்பது அவ்வளவுதான்.

பழைய_குமாஸ்தா:

சொல்வது நடக்காத விஷயம் இல்லை, நானே பார்த்திருக்கிறேன். பேனல் வக்கீலுக்கு, அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீலுக்கு, ஆணைக்குழு கொடுக்கும் தொகை சொற்பம், அதனால் சிலர் அசட்டையாக இருப்பார்கள். ஆனால் கட்சிக்காரரிடம் அவர் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. கேட்டால் ஆணைக்குழு செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். செயலாளர் என்பவர் ஒரு நீதிபதி, ஏதோ குமாஸ்தா இல்லை. வக்கீலை மாற்றித் தரச் சொல்லியும் எழுதலாம். காசு கொடுத்து வைத்த வக்கீல் ஜூனியரை அனுப்பினால் இந்த வசதியும் கிடையாது.

மதுரை_அக்கா:

நான் வாடகைக்கு இல்லை, சொந்த வீட்டுக்காரி. ஆனால் கடனோடு அல்லாடியவள் என்பதால் எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு விபத்து நடந்து வேலை நின்றது, தவணை நின்றது, 13(2) நோட்டீஸ் வந்தது. அந்த 60 நாளுக்குள் நாமும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், அதற்கு பேங்க் 15 நாளில் பதில் சொல்லியாகவேண்டும் என்பதே எனக்கு ஆணைக்குழு வக்கீல் அம்மா சொல்லித்தான் தெரியும். விபத்து விவரம், ஆஸ்பத்திரி ரசீது எல்லாம் இணைத்து அவரே எழுதிக் கொடுத்தார். கடைசியில் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசி முடித்தோம்.

லோக் அதாலத் என்றதும் தள்ளுபடி கிடைக்கும் என்று ஓடுகிறார்கள். அங்கே பேங்க் பெரும்பாலும் மொத்தமாகக் கட்டு, வட்டியில் கொஞ்சம் குறைக்கிறோம் என்றுதான் பேசும். மொத்தமாகக் கட்டக் கையில் இருந்தால் நாம் ஏன் அங்கே போகிறோம்? எனக்குத் தவணையாக எழுதி வாங்கிக் கொடுத்தது அந்த வக்கீலின் பிடிவாதம். எழுதியதற்கு அப்பீல் கிடையாது, அது கோர்ட் டிக்ரி மாதிரி. மறுபடி தவணை தவறினால் பேங்க் நேராக நிறைவேற்றத்துக்குப் போய்விடும். கட்டமுடியாத தொகைக்குப் பயத்தில் கையெழுத்துப் போடவேண்டாம்.

தம்பிக்கு ஒரு கேள்வி: வீடு போனால் அந்த நாலு லட்சம்?

பழைய_குமாஸ்தா:

அக்கா சரியான இடத்தில் கேட்டார், இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம். டிஆர்டி மனு உங்களுக்கு நேரம் வாங்கித் தரும், அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்ச காலம் இருக்கவும் விடும். ஆனால் பணத்தைத் திருப்பித் தரவேண்டியது ஓனர், பேங்க் இல்லை. அதற்கு சிவில் கோர்ட்டில் தனி வழக்கு. தமிழ்நாட்டில் இப்போது பண வழக்குக்கு கோர்ட் பீஸ் 3 சதவீதம், நாலு லட்சத்துக்கு 12,000 ரூபாய். சட்ட உதவியில் போனால் அது உங்கள் கையிலிருந்து போகாது. முக்கியமானது ஒன்று: வீடு ஏலம் போய் பேங்க் தன் பாக்கியை எடுத்தது போக மிச்சம் இருந்தால் அது பொதுவாக ஓனருக்குத்தான் திரும்பும். அந்த மிச்சத்தை ஜப்தி செய்யச் சொல்லி வழக்கோடு சேர்த்து மனுப் போடவேண்டும். பாக்கித் தொகையைவிட வீட்டின் மதிப்பு நல்ல கூடுதல் என்றால் உங்கள் பணத்துக்கு அதுதான் நிஜமான பிடி. பல வக்கீல்கள் ஸ்டேயோடு நிறுத்திவிடுவார்கள், நீயாக எடுத்துக் கேட்கவேண்டும். கடன் இருப்பதை மறைத்து லீஸ் பணம் வாங்கியிருந்தால் மோசடி என்று போலீஸிலும் புகார் கொடுக்கலாம், அது ஓனரைப் பேச்சுக்கு இழுத்து வரும்.

பெரம்பூர்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. இ.சி. போட்டுப் பார்த்தேன், அடமானம் எங்கள் லீஸுக்கு முன்னாலேயே பதிவாகியிருக்கிறது. 13(2) தேதி லீஸுக்குப் பிறகுதான். அப்போ நடுவில் மாட்டியிருக்கிறோம். நாளைக்கு அம்மாவுக்கு லீவு கிடைக்காது, நான் மட்டும் போனால் எடுத்துக்கொள்வார்களா?

பழைய_குமாஸ்தா:

விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இருந்தால் நீ கொண்டுபோய்க் கொடுக்கலாம். வக்காலத்தில், அதாவது வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட மட்டும் அவர் ஒருநாள் வரவேண்டியிருக்கும். அக்ரிமெண்ட், நாலு லட்சம் கொடுத்ததற்கான பேங்க் ஸ்டேட்மெண்ட், அந்த முகவரியில் உள்ள கேஸ் ரசீது அல்லது ரேஷன் கார்டு, ஆதார் நகல், நோட்டீஸ் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள். பணம் கையில் கொடுத்ததா, அக்கவுண்டிலா?

பெரம்பூர்_பையன்:

மூன்று லட்சம் அக்கவுண்டில், ஒரு லட்சம் கையில். கையில் கொடுத்ததற்கு ஓனர் வாட்ஸப்பில் "கிடைத்தது" என்று அனுப்பியிருக்கிறார்.

பழைய_குமாஸ்தா:

அந்த போனை மாற்றாதே, ரீசெட் செய்யாதே. காலையில் ஆபீஸ் திறக்கும்போதே போய்விடு.