ஜனவரியில் கடைசி இடம், ஜூனில் கோப்பை: செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் எப்படிச் சாதித்தது?

செக்காலை ரோடு:
அக்கா மகன் செயின்ட் லூயிஸில் வேலை பார்க்கிறான். லீவுக்குக் காரைக்குடி வந்தபோது எனக்கு ஒரு ஐஸ் ஹாக்கி ஜெர்சி கொண்டுவந்தான், நீல நிறம், நெஞ்சில் ஓர் இசைக்குறி. நம்ம ஊர் வெயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது, அது வேறு விஷயம். அந்த ப்ளூஸ் அணி 2019 ஜனவரி 3ஆம் தேதி காலையில் என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் 31 அணிகளில் 31ஆவது இடத்தில் கிடந்ததாம், அதே சீசனில் ஜூன் மாதம் லீக் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியதாம். தேடிப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் எப்படி? கேட்டால் "கோச்சை மாத்துனாங்க மாமா, சரியாயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அவ்வளவுதானா?

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணே, கோச் கதை பாதிதான். பழைய கோச் மைக் யோவை 2018 நவம்பர் 19ஆம் தேதியே அனுப்பிவிட்டார்கள், அப்போது கணக்கு 7 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத்தில் 3 தோல்வி. கிரெய்க் பெரூபே தற்காலிகமாக வந்தார். வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. அவர் கையில் நடந்த முதல் 18 ஆட்டத்தில் 8 தான் வெற்றி, டிசம்பரில் பயிற்சி நேரத்தில் சொந்த அணிக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள்! அந்த ஜனவரி 3 கடைசி இடம் பெரூபே காலத்தில் வந்ததுதான்.

இன்னொன்று, "கடைசி" என்று கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் அப்போது 37 ஆட்டம்தான் முடிந்திருந்தது, இன்னும் 45 பாக்கி. வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ தோற்றால்கூட 1 புள்ளி கிடைக்கும், அதனால் அட்டவணையில் நடுவிலிருந்து கீழே வரை எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். அப்போதிருந்த 31 அணியில் 16 அணிக்கு ப்ளே-ஆஃப் இடம் உண்டு. ஐபிஎல்லில் 14 ஆட்டம்தான், அதிலேயே 2024இல் ஆர்சிபி எட்டில் ஒன்று மட்டும் ஜெயித்துக் கடைசியில் கிடந்து, அப்புறம் வரிசையாக ஆறு ஜெயித்து நம்ம சிஎஸ்கேயை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போகவில்லையா. (இதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.)

உண்மையான திருப்பம் ஜனவரி 7. ஜோர்டன் பின்னிங்டன் என்ற 25 வயது கோல்கீப்பர், என்ஹெச்எல்லில் முதல் முறையாக ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடுகிறார், பிலடெல்பியாவுக்கு ஒரு கோல்கூட விடவில்லை, 3-0. அதற்கு முந்தைய சீசனில் ப்ளூஸ் அவரைக் கீழ்மட்ட லீகில் பாஸ்டனின் துணை அணியான ப்ராவிடென்ஸுக்கு ஆட இரவல் கொடுத்திருந்தது, அந்த நிலைமையில் இருந்தவர். அப்புறம் தொடர்ந்து 11 வெற்றி. ஜனவரி 3க்குப் பிறகான 45 ஆட்டத்தில் 30 வெற்றி, மொத்தம் 99 புள்ளி. அவர்கள் பிரிவில் முதலிடம் பிடித்த நாஷ்வில்லுக்கு 100 தான்!

கோட்டையூர் குசும்பன்:
எல்லாம் சரி, ஆனால் ப்ளே-ஆஃப் என்பது பாதி அதிர்ஷ்டம். அதே 2018-19இல் டாம்பா பே 62 ஆட்டம் ஜெயித்து 128 புள்ளி எடுத்தது, ப்ளே-ஆஃப் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்கு ஆட்டத்திலும் தோற்று 4-0 என்று துடைத்தெறியப்பட்டது. ஒரு கோல்கீப்பர் இரண்டு மாதம் சூடாக இருந்தால் கோப்பை. ப்ளூஸுக்கு அது வாய்த்தது. இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். மகள் வீடு அங்கேதான், அந்த சீசனில் நான் அவளோடு இருந்தேன், வீட்டில் எல்லாரும் கத்துகிற கத்தலில் எனக்கும் பிடித்துப்போய்விட்டது. ப்ளே-ஆஃபில் நான்கு சுற்று, சுற்றுக்கு நான்கு வெற்றி, ஆகக் கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும், இவர்கள் 26 ஆட்டம் ஆடி எடுத்தார்கள். அதில் வெளியூரில் 10 வெற்றி 3 தோல்வி, சொந்த ஊரில் 6 வெற்றி 7 தோல்வி. கூட்டம் எதிராகக் கத்தும் இடத்தில் போய் ஜெயிப்பது கோல்கீப்பர் ஒருத்தரால் மட்டும் ஆகிற காரியமா?

சான் ஹோசேயோடு மூன்றாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? கூடுதல் நேரத்தில் அவர்களுடைய டிமோ மையர் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) கையால் தட்டிவிட்டார், கார்ல்சன் கோல் போட்டார், நடுவர் யாரும் கவனிக்கவில்லை, அப்போதைய விதிப்படி அந்தத் தவறை வீடியோவில் திருப்பிப் பார்க்கவும் இடமிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இல்லை. பெரூபே அதையே பிடித்துக்கொண்டு அழவில்லை, அடுத்த மூன்றையும் ஜெயித்தார்கள், 2-1, 5-0, 5-1. தொடரே முடிந்தது. அப்புறம் ரயன் ஓ'ரைலி. 2018 ஜூலையில் பஃபலோவிடமிருந்து வாங்கினார்கள், லீக் சீசனில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 77 புள்ளி, அதோடு எதிரணியின் நல்ல ஆட்டக்காரனைக் கட்டிப்போடும் வேலையும் அவருடையதுதான். ப்ளே-ஆஃபின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது, பின்னிங்டனுக்கு இல்லை. குசும்பன் தம்பி இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கோட்டையூர் குசும்பன்:
ஓ'ரைலியை ஒத்துக்கொள்கிறேன் ஆச்சி. ஆனால் பாஸ்டனில் நடந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் முதல் பீரியடை (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) திரும்பப் பாருங்கள், பாஸ்டன் 12 முறை அடிக்கிறது, ப்ளூஸ் 4 முறைதான். அந்த 4இல் 2 கோல், அதில் இரண்டாவது கோல் அந்த பீரியட் முடிய 8 நொடி இருக்கும்போது பியட்ராஞ்சலோ போட்டது. கோல்கீப்பர் சுமாராக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். கடைசியில் 4-1, பின்னிங்டன் 32 தடுத்தார். நான் சொல்வது இதைத்தான்.

செக்காலை ரோடு:
அருமை, இப்போதுதான் பிடிபடுகிறது. ஒரே ஓர் ஆட்டம் முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் எது? இறுதியா?

பள்ளத்தூர்க்காரன்:
இறுதி வேண்டாம் அண்ணே, மூன்றாவது பீரியடில் விறுவிறுப்பு போய்விடும். இரண்டாவது சுற்றில் டல்லாஸோடு ஆடிய ஏழாவது ஆட்டம் பாருங்கள். ப்ளே-ஆஃபில் சமன் என்றால் ஷூட்-அவுட் கிடையாது, 20 நிமிட பீரியடாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், முதல் கோல் போட்டவன் ஜெயித்தான். இரண்டாவது கூடுதல் பீரியடில் பேட் மரூன் போட்டு 2-1. மரூன் செயின்ட் லூயிஸ்காரர். 52 தடுத்தும் கடைசியில் அந்தக் கோலை விட்ட டல்லாஸ் கோல்கீப்பர் பென் பிஷப் வளர்ந்ததும் அதே ஊர்ப் பக்கம்தான், பாவம். அப்புறம் நேரலையில் பார்க்க ஆசை இருந்தால் அக்டோபர் வாக்கில் சீசன் தொடங்கும், அங்கே இரவு 7 மணி ஆட்டம் நமக்குக் காலை ஐந்தரை, நவம்பருக்குப் பிறகு ஆறரை.