மறுமொழி: கெக், பீப்பாய், வாயுவேற்றம் – சொல் தேவை

> வீட்டில் பியர் காய்ச்சுவோர் பாட்டிலை விட்டு கெக்குக்கு மாறுவது பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கெக் – பீப்பாய். ஃபோர்ஸ் கார்பனேஷன் (வெளியிலிருந்து அழுத்தத்தில் வாயு கொடுத்து பியரில் கரைப்பது) – வலுக்கட்டாயக் கரிமமேற்றம். சரிதானா?

வணக்கம் ஐயா,

பீப்பாய் வேண்டாம். மரச்சட்டங்களை இரும்பு வளையம் போட்டு இறுக்கிய பாத்திரம்தான் படிப்பவர் மனதில் வரும். அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் கார்னி கெக். முன்பு குளிர்பானப் பாகு அடைத்து விற்ற, 5 காலன் (சுமார் 19 லிட்டர்) கொள்ளும் எஃகு உருளை அது. பிரிட்டனிலோ பீப்பாயும் கெக்கும் எதிரெதிர்க் கட்சிகள். 1971இல் தொடங்கிய கேம்ரா என்ற பியர் நுகர்வோர் இயக்கம் கெக் பியரை எதிர்த்து, பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பியருக்காகப் போராடியது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தச் சண்டையைத் தமிழில் எழுதவே முடியாது. கெக் என்றே எழுதுங்கள், படிப்பவருக்குப் புரியும்.

நாம் உழைக்க வேண்டியது இரண்டாவது சொல்லில். கரிமமேற்றம் என்றால் எஃகில் கரிமம் ஏற்றுவதையும் குறிக்கும். வலுக்கட்டாயமும் பொருந்தாது, அங்கே யாரும் எதையும் திணிப்பதில்லை. கெக்கை 3 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து, வாயு சிலிண்டரின் ரெகுலேட்டரில் 11, 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் கொடுத்தால், கரியமில வாயு ஒரு வாரம், பத்து நாளில் தானாகக் கரைந்து சமநிலைக்கு வந்து நின்றுவிடும். எல்லாம் ஹென்றி விதிதான்: அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும். ஒரு லிட்டர் பியருக்குச் சுமார் இரண்டரை லிட்டர் வாயு. (இந்த அளவை ‘வாயு மடங்கு’ என்று சொல்லலாமா?)

பாட்டிலில் நடப்பது வேறு. 5 காலனுக்கு 110 முதல் 140 கிராம் சர்க்கரை கலந்து மூடிவிடுவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அடியில் வண்டலும் தங்கும். சர்க்கரை கூடிப்போனால் பாட்டில் வெடிக்கும். கெக்கில் அழுத்தம் கூடினால் வால்வைத் திறந்து இறக்கிக்கொள்ளலாம். பலர் கெக்குக்கு மாற இதுவும் ஒரு காரணம். ஐம்பது பாட்டிலைக் கழுவும் வேலை மிச்சம் என்பது இன்னொன்று.

ஆக, வாயு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். என் பரிந்துரை: வெளியிலிருந்து வாயு கொடுத்தால் புறவாயுவேற்றம், உள்ளே ஈஸ்டே வாயு விட்டால் தன்வாயுவேற்றம்.

---

தம்பி,

பீப்பாயை விட்டுவிட்டேன். ஆனால் ‘கெக்கேற்றம்’, ‘பாட்டிலேற்றம்’ என்றால் இன்னும் எளிதில்லையா? ‘புற’, ‘தன்’ எல்லாம் பாடநூல் வாடை அடிக்கிறது. இன்னொன்று, பாட்டிலில் போடும் அந்தச் சர்க்கரைக்கு என்ன சொல்? ‘முதன்மைச் சர்க்கரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

---

ஐயா,

பாடநூல் வாடை உண்மைதான். இருந்தாலும் ‘கெக்கேற்றம்’ ஒரு இடத்தில் உடைந்துவிடும். கெக்கிலும் சர்க்கரை போட்டு மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலுக்குப் போடுவதில் பாதியளவு போதும் என்பது அவர்கள் கணக்கு. அங்கே பாத்திரம் கெக், வாயுவோ ஈஸ்ட் விட்டது. அதே மாதிரி, கெக்கில் வாயு ஏற்றிய பியரைப் பாட்டிலில் பிடித்து நண்பர்களுக்குக் கொடுப்பதும் உண்டு. பாத்திரத்தை வைத்துப் பெயரிட்டால் இந்த இரண்டு வழக்கத்தையும் எழுதும்போது தடுமாறுவீர்கள். ‘புறவாயு’, ‘தன்வாயு’ என்று சுருக்கினால் வாடை கொஞ்சம் குறையும். “இந்த முறை புறவாயு கொடுத்தேன்” என்று பேச்சிலும் வரும்.

‘முதன்மைச் சர்க்கரை’ என்றால் காய்ச்சும்போதே போடும் சர்க்கரை என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். இது நொதித்து முடிந்தபின் ஈஸ்டுக்குக் கடைசியாக ஊட்டுவது. அதனால் ‘ஊட்டுச் சர்க்கரை’ என்று போடலாம். அளவைச் சொல்லும் பத்தியில் கிராம் கணக்கோடு சேர்த்து, பியரின் வெப்பநிலையையும் எழுதிவிடுங்கள். குளிர்ந்த பியரில் ஏற்கெனவே கரைந்த வாயு அதிகம், அதற்கேற்ப ஊட்டுச் சர்க்கரையைக் குறைக்க வேண்டும்.